நந்தினி (பொன்னியின் செல்வன் கதைமாந்தர்)

நந்தினி, கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் புதினத்தின் முதன்மைக் கதைமாந்தர்களில் ஒருவர். பழுவூர் இளையராணி என்ற பெயரில் கதைக்குள் நுழையும் இவர் யாருடைய மகள், யாருக்காகச் செயல்படுகிறார், ஆதித்த கரிகாலனின் இறப்பில் இவருடைய பங்கு என்ன என்ற மூன்று கேள்விகளும் புதினம் தொடராக வெளிவந்த காலம் முதல் வாசகர்களால் விவாதிக்கப்பட்டு வருகின்றன. வந்தியத்தேவன், குந்தவை, ஆதித்த கரிகாலன், அருள்மொழிவர்மன் போன்ற பல கதைமாந்தர்களுக்கு வரலாற்றுச் சான்றுகள் உள்ளன. நந்தினிக்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை. இவர் கல்கியின் கற்பனைப் படைப்பு. ஆயினும் புதினத்தின் தாக்கத்தாலும் திரைப்படத்தின் தாக்கத்தாலும் இவரை வரலாற்று மனிதராகவே கருதும் போக்கு வாசகர்களிடையே காணப்படுகிறது. எனவே நந்தினியைப் பற்றிய கேள்விகளைப் புதினத்துக்குள் விடை தேட வேண்டியவை, வரலாற்றில் விடை தேட வேண்டியவை என இரண்டாகப் பிரித்து ஆராய்வது தேவையாகிறது.

பின்னணி

பொன்னியின் செல்வன், கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்னும் ஐந்து பாகங்களைக் கொண்டது. கதை நிகழும் காலம் சுந்தர சோழரின் ஆட்சியின் இறுதிக் கட்டம், அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அரசர் நோயுற்றுப் படுத்திருக்கிறார். மூத்த மகன் ஆதித்த கரிகாலன் காஞ்சியிலும், இளையவன் அருள்மொழிவர்மன் ஈழத்திலும் இருக்கின்றனர். அடுத்து அரியணை யாருக்கு என்ற கேள்வி எழுந்துள்ள நேரத்தில், சோழ அரசின் நிதிப்பொறுப்பை வகிக்கும் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவியாக நந்தினி தஞ்சைக் கோட்டைக்குள் செல்வாக்குடன் வாழ்கிறார்.

மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் கதையைப் படித்த வாசகர்களுக்கு நந்தினியைப் பற்றிய செய்திகள் சிறிது சிறிதாகவே கிடைத்தன. ஓர் இதழில் கிடைத்த விடையைப் பின்னர் வந்த இதழ் ஐயத்துக்கு உள்ளாக்கியது. தொடருக்குப் படம் வரைந்த ஓவியர் மணியம், சாய்ந்த ஆண்டாள் கொண்டையுடன் நந்தினிக்குத் தந்த உருவம் வாசகர் மனத்தில் நிலைத்தது. முகம் தெளிவாகத் தெரிந்தது, பிறப்பு மட்டும் தெரியவில்லை.

பெயர்

நந்தினி என்னும் வடசொல்லுக்கு மகிழ்ச்சி தருபவள் என்பது பொருள். புராணங்களில் காமதேனுவின் கன்றுக்கு இப்பெயர் வழங்குகிறது. புதினத்தில் இப்பெயரைத் தாங்கியவரால் மகிழ்ச்சியடைந்தவர் எவரும் இல்லை என்பது கவனிக்கத்தக்க முரண்.

புதினம் தரும் ஐந்து வரலாறுகள்

நந்தினியின் கடந்த காலத்தை ஆசிரியர் தம் கூற்றாக ஒரே இடத்தில் சொல்வதில்லை. வெவ்வேறு கதைமாந்தர்கள் வெவ்வேறு இடங்களில் சொல்லும் செய்திகளை வாசகரே இணைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. அவற்றை ஐந்தாகத் தொகுக்கலாம்.

முதலாவது, ஆழ்வார்க்கடியான் நம்பி சொல்வது. நந்தினி தன்னுடன் வளர்ந்த சகோதரி, ஆனால் உடன்பிறந்தவள் அல்லள் என்கிறான் அவன். வைணவப் பற்று மிக்க குடும்பத்தில் வளர்ந்த பெண் பழுவேட்டரையரின் மனைவியாகிவிட்டாள் என்று வருந்துகிறான். ஆனால் ஆழ்வார்க்கடியான் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். அவன் எதை வெளியிடுகிறான், எதை மறைக்கிறான் என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, ஆதித்த கரிகாலனின் நினைவு. மாமல்லபுரத்தில் தன் நண்பன் பார்த்திபேந்திரனிடம் அவன் மனம் திறந்து பேசுகிறான். பழையாறையில் சிறுவனாக இருந்தபோது நந்தினியைக் கண்டு அன்பு கொண்டதையும், அரண்மனைப் பெரியவர்கள் அதைத் தடுத்ததையும் சொல்கிறான். பல ஆண்டுகளுக்குப் பின், போரில் தோற்றுக் காயமுற்று ஒரு குடிசையில் ஒளிந்திருந்த வீரபாண்டியனைத் துரத்திச் சென்றபோது அங்கே நந்தினியை மீண்டும் காண்கிறான். அவனைக் கொல்ல வேண்டாம் என்று நந்தினி மன்றாடுகிறாள். கரிகாலன் அதைக் கேளாமல் பாண்டியன் தலையைத் துண்டிக்கிறான். வீரபாண்டியன் அவளுடைய காதலன் என்றே அப்போது அவன் எண்ணுகிறான்.

மூன்றாவது, வந்தியத்தேவனும் குந்தவையும் அனுமானிப்பது. ஈழத்துக்குச் செல்லும் வந்தியத்தேவன், அங்கே வாய் பேச இயலாத ஊமை ராணியைக் காண்கிறான். மந்தாகினி என்னும் அப்பெண்ணின் முகம் நந்தினியின் முகத்தை அப்படியே ஒத்திருக்கிறது. சுந்தர சோழர் இளமையில் ஈழத்தை அடுத்த ஒரு தீவில் மந்தாகினியுடன் வாழ்ந்தவர். எனவே நந்தினி சுந்தர சோழரின் மகள், தங்களுக்குச் சகோதரி என்று குந்தவை முடிவு செய்கிறாள். அண்ணன் ஆதித்த கரிகாலனை எச்சரிக்க இச்செய்தியை வந்தியத்தேவன் மூலம் அனுப்புகிறாள்.

நான்காவது, ரவிதாசன் முதலிய பாண்டிய ஆபத்துதவிகளின் நோக்கு. அவர்களுக்கு நந்தினி பாண்டிய அரசி. திருப்புறம்பியம் பள்ளிப்படையில் நள்ளிரவில் கூடி, ஒரு சிறுவனை அரியணையில் அமர்த்தி, பழிதீர்க்கும் வாளை அவளிடம் ஒப்படைக்கின்றனர். பழுவூர் அரண்மனையில் அவள் இருப்பது அவர்களுக்குப் பயன்படுகிறது.

ஐந்தாவது, பாதாளச் சிறையில் அடைபட்டிருந்த கருத்திருமன் மூலம் வெளியாகும் செய்தி. மந்தாகினி கடலில் குதித்ததையும் காப்பாற்றப்பட்டதையும், வீரபாண்டியன் அவள் வாழ்வில் வந்ததையும் அவனே அறிந்தவன். மந்தாகினிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஆண் குழந்தை செம்பியன் மாதேவியின் மகன் மதுராந்தகனாக அரண்மனையில் வளர்ந்தது. பெண் குழந்தையே நந்தினி. புதினத்தின் கடைசிப் பாகம் இவர்களுடைய தந்தை வீரபாண்டியனே என்ற முடிவின் பக்கம் சாய்கிறது.

இந்த ஐவரில் எவரும் பற்றற்ற சாட்சி அல்லர் என்பது முக்கியமானது. ஒருவன் ஒற்றன், ஒருவன் குற்றவுணர்ச்சியால் துன்புறுபவன், ஒருத்தி தன் குலத்தைக் காக்கத் துடிப்பவள், ஒரு கூட்டம் சதிகாரர், ஒருவன் பித்தன் என்று பிறரால் ஒதுக்கப்பட்ட சிறையாளி. நந்தினியும் தன்னைப் பற்றிச் சொல்லும்போது எதிரில் இருப்பவருக்கு ஏற்பவே பேசுகிறாள். பெரிய பழுவேட்டரையரிடம் சொல்வது ஒன்று, வந்தியத்தேவனிடம் சொல்வது ஒன்று, கரிகாலனிடம் சொல்வது மற்றொன்று.

தந்தை யார் என்ற விவாதம்

சுந்தர சோழரே தந்தை என்று கருதுவோர் காட்டும் முதன்மைச் சான்று முக ஒற்றுமை. நந்தினி மந்தாகினியின் ஆவியைப் போல வேடமிட்டு நள்ளிரவில் தோன்றும்போது சுந்தர சோழர் அஞ்சி நடுங்குகிறார். காதலித்தவரே உண்மை எனக் கருதும் அளவுக்கு அந்த ஒற்றுமை அமைந்துள்ளது. குந்தவையின் முடிவுக்கும் இதுவே அடிப்படை.

ஆனால் இந்தச் சான்றை நிதானமாக ஆராய்ந்தால் அதன் எல்லை புலப்படும். மகளின் முகம் தாயின் முகத்தை ஒத்திருப்பது தாய் யார் என்பதை மட்டுமே காட்டும். தந்தை யார் என்பதை அது காட்டாது. மந்தாகினியைச் சுந்தர சோழர் காதலித்தார் என்ற வேறொரு செய்தியை அதனுடன் சேர்த்துத்தான் குந்தவை தந்தையை அனுமானிக்கிறாள். மந்தாகினியின் வாழ்வில் வேறொருவர் வந்திருக்கக் கூடும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்த செய்திகளைக் கொண்டு அவள் செய்த ஊகம் முறையானதே. தெரியாத ஒரு செய்தி அந்த ஊகத்தைத் தகர்க்கிறது.

வீரபாண்டியனே தந்தை என்று கருதுவோருக்கு வேறு ஆதாரங்கள் உள்ளன. குடிசையில் நந்தினி மன்றாடியது மகள் தந்தைக்காக மன்றாடியதாகக் கொண்டால், அவளது தீராத பழிவெறிக்கு வலுவான காரணம் கிடைக்கிறது. பாண்டிய ஆபத்துதவிகள் ஓர் இளம்பெண்ணின் தலைமையை ஏற்பதும் பொருத்தமாகிறது. மதுராந்தகனாக வளர்ந்தவன் கதையின் இறுதியில் பாண்டியர் பக்கம் செல்வதற்கும் விளக்கம் கிடைக்கிறது. எனினும் இந்த முடிவு பெரும்பாலும் கருத்திருமனின் கூற்றையே நம்பியிருக்கிறது. அவன் பாண்டியருக்கு வேண்டியவன்.

மூன்றாவது தரப்பினர், விடை எதுவாயினும் கதையின் துயரம் மாறுவதில்லை என்பர். சோழர் மகள் என்றால் அவள் தன் உடன்பிறந்தவனைப் பழிவாங்கத் துடிக்கிறாள். பாண்டியன் மகள் என்றால் தன்னை நேசித்தவனே தன் தந்தையைத் தன் கண்முன் கொன்றதைக் காண்கிறாள். மேலும், நந்தினி தன் சகோதரி என்ற செய்தியைக் கேட்டபின் கரிகாலனின் மனம் மேலும் குழம்புகிறது. அந்தச் செய்தி மெய்யோ பொய்யோ, அவன் அதை நம்பியதன் விளைவு மெய்யானது. கதையில் மனிதர்களைச் செலுத்துவது உண்மை மட்டும் அன்று, அவர்கள் உண்மை என்று நம்புவதும்தான்.

இயல்பு குறித்த கருத்துகள்

நந்தினியை நஞ்சு நிறைந்த மோகினியாகக் காணும் நோக்கு புதினத்துக்குள்ளேயே உள்ளது. அவளை அறிந்த பலர் அவளை அப்படித்தான் பேசுகின்றனர். அறுபது வயதைக் கடந்து, போர்க்களத்தில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் பெற்ற பெரிய பழுவேட்டரையர் அவள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார். கந்தமாறனும் பார்த்திபேந்திரனும் அவளிடம் மயங்குகின்றனர்.

இதற்கு மாறாக, அவளைப் பாதிக்கப்பட்டவளாகக் காணும் நோக்கும் வலுவானது. பிறந்தவுடன் தாயைப் பிரிந்தவள். பிறர் வீட்டில் வளர்ந்தவள். குலம் தெரியாதவள் என்பதால் இளவரசனிடமிருந்து விலக்கப்பட்டவள். அவளுடன் பிறந்தவன் அரண்மனையில் இளவரசனாக வளர, அவள் யாருமற்றவளாக வளர்ந்தாள். பழையாறையில் குந்தவையை அருகிலிருந்து பார்த்து வளர்ந்த அவளுக்கு, தனக்குக் கிடைக்காதது எது என்பது நன்றாகத் தெரியும். குந்தவையும் நந்தினியும் அழகு, அறிவு, அரசியல் நுட்பம் ஆகியவற்றில் ஒருவருக்கொருவர் குறைந்தவர் அல்லர். ஒருத்தியின் அறிவு நாட்டைக் கட்டுவதற்கும் மற்றவளின் அறிவு அதைக் கலைப்பதற்கும் பயன்பட்டதில் பிறப்பு தந்த இடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அவளைக் கருவியாகக் காணும் நோக்கு மூன்றாவது. ரவிதாசன் கூட்டத்தினர் அவளைத் தலைவி என்று அழைத்தாலும், சபதத்திலிருந்து அவள் பின்வாங்கிவிடக் கூடாது என்பதில் விழிப்பாக இருக்கின்றனர். கடம்பூர் மாளிகையில் இறுதி நேரத்தில் அவள் தயங்குவது இந்த நோக்குக்கு வலுச் சேர்க்கிறது.

கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதையும் கல்கி திறந்தே வைத்திருக்கிறார். கடம்பூர் மாளிகையின் அந்த அறையில், அந்த இரவில், நந்தினியைத் தவிர வேறு பலரும் இருந்தனர் அல்லது ஒளிந்திருந்தனர். விளக்கு அணைகிறது. இளவரசன் இறந்து கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் குற்றத்தை ஏற்கிறார். எந்த ஒப்புதலையும் முழு உண்மை என்று உறுதியாக எடுத்துக்கொள்ள முடியாதபடி கதை அமைந்துள்ளது.

வரலாற்றுச் சான்றுகள்

ஆதித்த கரிகாலன் வரலாற்று மனிதன். வீரபாண்டியன் தலைகொண்டவன் என்ற அடைமொழியுடன் அவனுடைய கல்வெட்டுகள் காணப்படுகின்றன. சேவூரில் பாண்டியருடன் நடந்த போரைப் பிற்காலச் செப்பேடுகள் குறிப்பிடுகின்றன. பாண்டியன் தலையை ஆதித்தன் தஞ்சையில் நாட்டியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. வீரபாண்டியனும் வரலாற்று மனிதனே. அவனோ சோழன் தலைகொண்டவன் என்ற பட்டம் தாங்கியவன். இரு குலத்துக்கும் இடையே பழிவாங்கும் உணர்வு இருந்ததற்கு இப்பட்டங்களே சான்று.

ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதற்கு நேரடிச் சான்று, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. இது முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏறத்தாழ கி.பி. 987. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை இது பதிவு செய்கிறது. சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்ற ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்ற பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் இதில் உள்ளன. நந்தினி என்ற பெயர் இல்லை.

இந்தப் பெயர்களைப் புதினத்துடன் ஒப்பிட்டால் கல்கியின் செயல்முறை தெளிவாகும். பிரமாதிராசன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசர் வழங்கிய பட்டம். அதாவது கல்வெட்டில் காணப்படுவோர் அரசுப் பட்டம் பெற்றவர்கள். பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல். இருமுடிச்சோழ என்பதோ சோழப் பட்டம். கல்கி பஞ்சவன் என்ற சொல்லின் பக்கம் சாய்ந்து, ரவிதாசனையும் கூட்டாளிகளையும் வீரபாண்டியனின் ஆபத்துதவிகளாக மாற்றினார். கொலைக்கான நோக்கம் கல்வெட்டில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப அவருக்குப் பழிவாங்கும் ஒரு பாண்டியத் தரப்பு தேவைப்பட்டது. அத்தரப்பைத் தஞ்சை அரண்மனைக்குள் கொண்டுவர ஒருவர் தேவைப்பட்டார். நந்தினி பிறந்தது அங்கேதான்.

கொலைக்கும் தண்டனைக்கும் இடையே நீண்ட இடைவெளி இருப்பது வரலாற்றாசிரியர்களின் கவனத்தை ஈர்த்தது. சுந்தர சோழருக்குப் பின் ஆட்சி செய்தவர் உத்தம சோழர். அவருடைய காலம் முடிந்து இராசராசன் அரியணை ஏறிய பிறகே நடவடிக்கை எடுக்கப்பட்டதாகக் கல்வெட்டு காட்டுகிறது. இதைக் கொண்டு கே. ஏ. நீலகண்ட சாத்திரி உத்தம சோழர் மீது ஐயம் எழுப்பினார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அந்த ஐயத்தை மறுத்தார். புதினத்தில் அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் வேறு, இறுதியில் முடிசூடும் மதுராந்தகன் வேறு என்று கல்கி பிரித்தார். இதனால் சதியில் சேர்ந்த மதுராந்தகனையும், அரசரான உத்தம சோழரின் நற்பெயரையும் ஒரே கதையில் வைக்க அவரால் முடிந்தது. அப்படிப் பிரிக்கப்பட்டவனின் இரட்டைச் சகோதரியாக நந்தினி அமைந்திருப்பது தற்செயல் அன்று. வரலாற்றில் விடை கிடைக்காத இரண்டு இடங்களை இணைக்கும் முடிச்சு அவள்.

பழுவேட்டரையர்களும் வரலாற்றில் இருந்தவர்களே. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் வட்டாரத்தில் அவர்களுடைய கோயில்களும் கல்வெட்டுகளும் உள்ளன. சோழ அரச குடும்பத்துடன் அவர்களுக்கு மண உறவும் இருந்தது. வந்தியத்தேவன் குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது. இவ்வளவு மெய்யான மனிதர்களுக்கு நடுவே நிற்பதால்தான் நந்தினியும் மெய்யானவர் போலத் தோன்றுகிறார்.

உலக இலக்கியத்தில் ஒப்புமைகள்

பிறப்பு மறைக்கப்பட்ட கதைமாந்தர் பற்றிய விவாதம் தமிழுக்கு மட்டும் உரியது அன்று. எமிலி பிரான்டியின் உதரிங் ஹைட்ஸ் (1847) புதினத்தில் ஹீத்கிளிஃப் என்னும் சிறுவன் லிவர்பூல் தெருவில் கண்டெடுக்கப்பட்டு ஒரு குடும்பத்தில் வளர்கிறான். அவனுடைய பெற்றோர் யார் என்று கதை சொல்வதே இல்லை. வளர்த்தவரே அவனுடைய உண்மைத் தந்தையாக இருக்கலாம் என்றும், அப்படியானால் அவன் காதலித்த காதரின் அவனுக்குச் சகோதரியாவாள் என்றும் சில திறனாய்வாளர்கள் வாதிட்டுள்ளனர். கரிகாலன், நந்தினி உறவைப் பற்றி எழுந்த அதே கேள்வி இது. குலம் தெரியாததால் விலக்கப்பட்டு, வளர்ந்தபின் பழிவாங்கத் திரும்புவதிலும் இருவரும் ஒத்திருக்கின்றனர்.

அலெக்சாந்தர் தூமாவின் மூன்று மசுகெத்தியர்கள் (1844) புதினத்தில் வரும் மிலேடியுடனும் நந்தினியை ஒப்பிடுவது உண்டு. அழகும் சூழ்ச்சியும் மறைந்த கடந்த காலமும் இருவருக்கும் பொது. ஆனால் மிலேடிக்கு இல்லாத இழப்பின் வரலாறு நந்தினிக்கு உண்டு.

மிகைக்கற்பனைப் புதினங்களில் இவ்வகை விவாதத்துக்குப் பெயர்பெற்றவர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் டாம் பாம்படில். பொன்னியின் செல்வன் தொடர் முடிந்த அதே 1954ஆம் ஆண்டு சூலையில், தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ் நூலின் முதல் பாகம் வெளிவந்தது. அதில் காட்டோரம் பாடித் திரியும் பாம்படிலை, பிறர் அனைவரையும் ஆட்டிப்படைக்கும் மோதிரம் எதுவும் செய்ய முடிவதில்லை. அவர் கடவுளா, தேவரா, இயற்கையின் ஆவியா என்று வாசகர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். டோல்கீனின் பிள்ளைகள் வைத்திருந்த ஒரு பொம்மையிலிருந்து உருவான அந்தப் பாத்திரம், 1934இல் ஒரு கவிதையாக வெளிவந்து, பின்னரே புதினத்துக்குள் வந்தது. புனைவில் சில புதிர்கள் புதிர்களாகவே இருக்க வேண்டும் என்றும், பாம்படில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட புதிர் என்றும் டோல்கீன் 1954இல் ஒரு கடிதத்தில் விளக்கினார்.

இவ்விரு புதிர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாம்படில் யார் என்று தெரியாவிட்டாலும் கதை தடையின்றி நடக்கும். நந்தினி யார் என்ற கேள்வியோ பொன்னியின் செல்வன் கதையையே நடத்துகிறது. குந்தவையின் அச்சம், கரிகாலனின் கலக்கம், சுந்தர சோழரின் குற்றவுணர்ச்சி ஆகிய அனைத்தும் அக்கேள்வியிலிருந்தே எழுகின்றன. எனவே டோல்கீன் புதிரை அவிழ்க்காமல் விட முடிந்தது. கல்கி பகுதியளவேனும் அவிழ்க்க வேண்டியிருந்தது.

திரைப்படத்தில் நந்தினி

மணிரத்னம் இயக்கிய பொன்னியின் செல்வன் திரைப்படம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. நந்தினி, மந்தாகினி ஆகிய இரு வேடங்களிலும் ஐசுவர்யா ராய் நடித்தார். விக்ரம் ஆதித்த கரிகாலனாக நடித்தார். ஒரே நடிகர் இரு வேடங்களையும் ஏற்றதால், புதினத்தில் பலர் சொல்லி அறியும் முக ஒற்றுமையைப் பார்வையாளர் நேரில் கண்டனர். மர்மத்தின் முதல் பகுதி சொற்கள் இன்றியே வெளிப்பட்டுவிட்டது.

திரைப்படம் கரிகாலன், நந்தினி ஆகியோரின் இளமைக் காதலுக்கு முதன்மை தந்தது. இரு மதுராந்தகர்கள் பற்றிய கிளைக்கதையை விட்டுவிட்டது. இதனால் நந்தினியின் இரட்டைச் சகோதரன் என்ற செய்தியும், அரண்மனையில் வளர்ந்தவனுக்கும் வெளியே வளர்ந்தவளுக்கும் உள்ள வேறுபாடும் மறைந்தன. திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்க்கும் புதினத்தைப் படித்தவர்க்கும் நந்தினியைப் பற்றிய கருத்து வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

விக்கிரமன் எழுதிய நந்திபுரத்து நாயகி, பொன்னியின் செல்வன் கதையின் தொடர்ச்சியாக அமைந்த புதினம். கல்கியின் படைப்புகள் 1999இல் தமிழ்நாடு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டதால், பொன்னியின் செல்வன் பல பதிப்புகளில் எளிதாகக் கிடைக்கிறது.

விவாதத்தின் பயன்

நந்தினி சுந்தர சோழரின் மகளா, வீரபாண்டியனின் மகளா என்று கேட்பது புதினத்துக்குள் பொருளுள்ள கேள்வி. அதற்குப் புதினத்தின் பக்கங்களே சான்று. சொல்பவர் யார், அவருக்கு என்ன தெரியும், அவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து எடைபோட்டால், வீரபாண்டியன் பக்கமே தட்டு தாழ்கிறது. ஆனால் அது முழு உறுதி அன்று.

ஆதித்த கரிகாலனை நந்தினி கொன்றாளா என்று வரலாற்றை நோக்கிக் கேட்டால், அக்கேள்விக்கு இடமே இல்லை. கல்வெட்டு சில ஆண்களின் பெயர்களைத் தருகிறது. அவர்களுடைய நோக்கத்தைச் சொல்லவில்லை. அந்த நோக்கம் என்ன என்ற கேள்வி ஆயிரம் ஆண்டுகளாகத் திறந்தே இருக்கிறது. அழகான ஒரு பெண்ணின் பழிவெறி என்ற விடை கதைக்கு அழகு. வரலாற்றில் அதை எழுதினால், பெயர் பொறிக்கப்பட்ட குற்றவாளிகளை மறந்துவிட்டு, வாழ்ந்திராத ஒருத்தி மீது பழி சுமத்துவதாகும். உண்மையான சதியின் காரணத்தைத் தேடும் முயற்சியும் அத்துடன் நின்றுபோகும்.

பொன்னியின் செல்வனைப் படிக்கும் மாணவர்கள், ஒவ்வொரு கதைமாந்தருக்கும் எதிரே கல்வெட்டில் உண்டு, செப்பேட்டில் உண்டு, கற்பனை என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்க்கலாம். ரவிதாசனின் பெயருக்கு நேரே உடையார்குடி என்று எழுதலாம். வந்தியத்தேவனின் பெயருக்கு நேரே தஞ்சைப் பெரிய கோயில் என்று எழுதலாம். நந்தினியின் பெயருக்கு நேரே கல்கி என்று மட்டுமே எழுத முடியும்.